எங்களுக்குப் பங்கு உண்டு

உதவித்தொகை விண்ணப்பத்தைச் சரிபார்த்த அன்று உடன் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, நர்சிங் முதல் வருடம் படிக்கும் எங்கள் மகள். விண்ணப்பம் அவளுடையது. நாலாவது, வீட்டுக்காரர் அண்ணாச்சி. கீழே அவருடைய பலசரக்குக் கடை, மாடியில் நாங்கள் வாடகைக்கு. ஐந்தாவது, அறக்கட்டளையின் சார்பில் கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி வந்த ஐயா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறாவது எங்கள் பங்குச்சாமி. அவர் பாதியில்தான் வந்தார். ஆறு பேரையும் ஐயா தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டதால் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. சீனி வாங்க வந்து, சீனியை மறந்து கடைசி வரை கடை வாசலில் நின்ற பெண்கள் கணக்கில் இல்லை.

எங்கள் கடற்கரையில் ஒரு மாதா கோயிலையும் அதைச் சேர்ந்த குடும்பங்களையும் சேர்த்துப் பங்கு என்போம். அதைப் பார்த்துக்கொள்ளும் பாதிரியார் பங்குச்சாமி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வருடா வருடம் கோயிலுக்குக் கட்டுவது வரி. இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐயா தொலைபேசியில் கேட்டபோதும் இப்படி முதலிலேயே சொல்லியிருந்தால், அந்த வயதில் அவர் அத்தனை தூரம் உட்கார்ந்து வந்திருக்க வேண்டாம்.

மகளுக்கு வருடக் கட்டணம் அறுபத்திரண்டாயிரம். சேர்க்கும்போது நாலாயிரம் கட்டினோம். மீதிக்கு வழி செய்யாவிட்டால் தேர்வுக்கு ஹால் டிக்கெட் இல்லை என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு பெண் சொன்னாள். அவள் தன்மையாகத்தான் சொன்னாள். நான்தான் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டியைத் தள்ளும்போதெல்லாம் அதையே வேறு வேறு குரலில் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை ஐஸ் கம்பெனியில். பாளம் பாளமாக வரும் ஐஸை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிப் போட்டுக்குள், அதாவது மீன்பிடிப் படகுக்குள், இறக்குவோம்.

விண்ணப்பத்தை மகள்தான் நிரப்பினாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று எங்கே பார்த்தாலும் இன்றும் உள்ளங்கை வியர்க்கும். பள்ளிக்கூடத்தில் தப்பாக நிரப்பினால் ஒரு மதிப்பெண் போகும். வளர்ந்த பிறகு தப்பாக நிரப்பினால் எது போகும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் அவள் நிரப்ப நிரப்பப் பக்கத்தில் நின்று, "எழுத்தச் சரியாப் பாரு, எழுத்தச் சரியாப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். மூன்று டீ குடித்தேன்.

வருமானம் எழுபத்திரண்டாயிரம் என்று தாசில்தார் சான்றிதழ். அறக்கட்டளையின் விதி சுலபமானது. வருமானம் எழுபத்தையாயிரத்துக்குள் இருந்தால் முழுக் கட்டணமும் தருவார்கள். அதைத் தாண்டி ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முக்கால் பங்கு. ஆனால் பெற்றோரிடம் பேசி, எழுதியது நிஜம்தானா என்று பார்த்த பிறகுதான் தருவார்கள்.

அந்தத் தொலைபேசி வந்தபோது நான் ஐஸ் நொறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பெயர், தொழில், வீடு வாடகையா என்று கேட்டு வந்தவர் நடுவில் கேட்டார்.

"பங்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இவ்வளவு நேரம் ஆபீஸ் கேள்வியாகக் கேட்டவர் இப்போது எங்கள் ஊர்க் கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"இருக்கு சார். பங்கு இல்லாம இருப்பமா?"

"எந்தப் பங்குங்க?"

கோயிலின் முழுப்பெயரையும் சொன்னேன். இயந்திரத்தில் ஒரு பாளம் விழுந்து அவ்வளவையும் நொறுக்கிவிட்டது.

"சரி, பெரிய பங்குங்களா?"

"இந்தப் பக்கத்துலேயே பெருசு சார். எங்க அப்பா காலத்துல இருந்து ஒரே பங்குதான். என் மச்சினன் மில்லர்புரத்துக்கு வீடு மாறுனதும் பங்க மாத்திட்டான். நாங்க அப்படி மாத்துற ஆளு இல்ல."

"யார் பேர்ல இருக்குதுங்க?"

"குடும்பத்துல எல்லாரு பேரும் இருக்கு. மக பேர, பொறந்த மாசமே சேத்தாச்சு."

"ஓ. இதையெல்லாம் யாருங்க பாத்துக்கறது?"

"பங்குச்சாமிதான். எல்லாம் அவரு கையிலதான் சார். வேணும்னா அவருகிட்ட லெட்டர் வாங்கித் தாரேன்."

எழுதும் சத்தம் கேட்டது. பிறகு, "வரி கட்டறீங்களா?" என்றார்.

இங்கேதான் நான் நிமிர்ந்து நின்றேன். வரி விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பாக்கி வைத்தால் கல்யாணத்துக்குக் கடிதம் தரத் தயங்குவார்கள், கல்லறையில் இடம் கேட்டால் முதலில் கணக்கைக் கேட்பார்கள் என்றெல்லாம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில் முந்திக்கொள்வேன்.

"ஒரு வருசங்கூடப் பாக்கி கெடையாது சார். அடுத்த வருசத்துக்கும் சேத்து அட்வான்சாக் கட்டியாச்சு."

"அட்வான்ஸ் டேக்ஸ் கட்டறீங்களா?"

"ஆமா சார்."

எழுதும் சத்தம் நின்றது.

"அப்புறம் எதுக்குங்க உதவித்தொகை கேக்கறீங்க?"

"அது எனக்கு இல்ல சார். மகளுக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நல்ல பக்தியான மனுசன் போலுக்கு. பங்கப் பத்தித்தான் அவ்வளவு நேரம் கேட்டாரு."

"வருமானத்தக் கேக்கலயா?"

"அத ஒரு தடவதான் கேட்டாரு."

மறுநாள் மகளின் செல்போனுக்குச் செய்தி வந்தது. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம்: தந்தையின் பெயரில் தலைமுறையாகப் பெரிய அளவில் பங்கு முதலீடு, முதலீடுகளை நிர்வகிப்பவர் திரு. பங்குச்சாமி, தந்தை முன்கூட்டியே வருமான வரி செலுத்துபவர். நேரில் வந்து சரிபார்க்கப்படும்.

மகள் அதை முதல் தடவை வாசித்தபோது புரியவில்லை. இரண்டாம் தடவை வாசித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப் போய்ப் பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருக்கிறாள். பிறகு நிஜமாகவே அழுதாள். "அப்பா, பங்குன்னா ஷேரு. ஷேர் மார்க்கெட். இனி முழுப் பணமும் வராது. ஹால் டிக்கெட்டும் வராது."

நான் உடனே திருப்பி அழைத்தேன். "சார், அந்தப் பங்கு வேற பங்கு" என்றேன். "இன்னொரு பங்கும் இருக்குதுங்களா?" என்றார் அவர். மகள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு பேசினாள். எதுவானாலும் எழுதியாகிவிட்டது, நேரில் வந்துதான் அடிக்க முடியும் என்று சொல்லிவிட்டாராம். அடிக்க என்று அவர் சொன்னது எழுத்தை. எனக்கு அதிலும் ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்காரர் அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டார். அவர் நாசரேத் பக்கம், பிராட்டஸ்டன்ட் சபை. விவரம் தெரிந்தவர் என்ற மதிப்பு எனக்கு உண்டு.

"ஏலே, வருமான வரி கட்டுதேன்னு நீயே வாயால சொல்லிட்டியே. இனி அந்த டிபார்ட்மெண்டுக்குப் போவும். ரெய்டு வந்தான்னா தலகாணியக் கிழிச்சுப் பாப்பான்."

"என் தலகாணியில என்ன அண்ணாச்சி இருக்கு, பஞ்சுதான்."

"அத அவன் கிழிச்ச பெறவுல்லா பாப்பான்."

வீட்டில் பெரிய பொருள் என்று இருந்தது ஒரு குளிர்சாதனப் பெட்டி மட்டும். அது ஓடி வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் பார்க்கப் பளபளவென்று நிற்கும். அதை இறக்கி அண்ணாச்சி கடையில் வைத்துவிடலாம் என்றேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்கு ஒரு ஆளு வாரப்போ இருக்கதையும் ஒளிச்சி வச்சிட்டு, ஒண்ணுமில்லாதவ மாதிரி நான் நிக்கணுமாக்கும்?"

"ஏளா, ஒண்ணுமில்லன்னு காட்டத்தான் அவரு வாராரு."

"அப்ப என்னையும் தூக்கி அண்ணாச்சி கடையில வச்சிருங்க."

அவள் வெளியே போன நேரத்தில் நானும் அண்ணாச்சியும் பெட்டியைக் கீழே இறக்கினோம். சந்தேகம் வராமல் இருக்க அண்ணாச்சி அதன் தலையில் நாலு கலர் பாட்டில் அடுக்கினார். கடை சாமான் மாதிரியே ஆகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஐயா வந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தார். மூலையில் நாலு துருப்பிடித்த வட்டம்.

"இங்கே ஃப்ரிட்ஜ் இருந்ததுங்களா?"

ஒரு ஆள் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. "இருந்துச்சு சார். கீழ இருக்கு சார். ஓடாது சார். பாத்தா ஓடுத மாதிரி இருக்கும்னு இறக்கிட்டேன் சார்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

"பரவாயில்லைங்க" என்றார் ஐயா. "ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பொண்ணோட மார்க் ஷீட்டு, எல்லாம் ஒரிஜினல் காட்டுங்க."

நான் மூலையைத் திரும்பிப் பார்த்தேன். மகள்தான் சொன்னாள். "சார், அதெல்லாம் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு."

கடற்காற்றில் எங்கள் வீட்டில் எதுவும் நிற்காது. ஆணி துருப்பிடிக்கும், தாள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பெட்டி ஓடாமல் போனாலும் அதன் கதவு ரப்பர் கெட்டியாக இருந்தது. உள்ளே காற்று நுழையாது. அதனால் வீட்டுக் காகிதங்கள் முழுக்க அதற்குள்தான். இறக்குகிற அவசரத்தில் அது எனக்கு மறந்துபோயிற்று.

மனைவியை அடுப்படியில் விட்டுவிட்டு மற்றவர்கள் கீழே இறங்கினோம். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து ஐயாவுக்கு நாற்காலி போட்டார். நான் பெட்டியைத் திறந்தேன். முட்டை வைக்கும் குழிகளில் ஆதார் அட்டைகள் சுருளாமல் நிமிர்ந்து நின்றன. காய்கறித் தட்டில் மகளின் மதிப்பெண் பட்டியல்கள். ஐஸ் தட்டில் ரேஷன் கார்டு. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஐஸ் கம்பெனியில வேலை பாக்கறீங்க. வீட்டு ஃப்ரிட்ஜ்ல சர்டிபிகேட்டு வெச்சிருக்கறீங்க."

"ஐஸ் வேணும்னா கம்பெனியில இருந்து கொண்டாந்துருவேன் சார். சர்டிபிகேட்டு அங்கன கிடைக்காதுல்லா."

வருமானச் சான்றைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். அது அட்டை மாதிரி விறைத்து நின்றது. "ஏனுங்க இதை லேமினேட் பண்ணிட்டீங்க?"

"உப்புக் காத்து சார்."

"ஃப்ரிட்ஜுக்குள்ள ஏதுங்க உப்புக் காத்து?"

"கதவத் திறக்கயில உள்ள போவும்லா சார்."

கடை விளக்கு அதில் பளிச்சென்று அடித்து எண்ணை மறைத்தது. அவர் அதை இப்படியும் அப்படியும் சாய்த்து ஒரு வழியாக எழுபத்திரண்டாயிரத்தைப் பிடித்துவிட்டார். குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "இப்போ அந்தப் பங்கு விசயம்" என்றார்.

மகள் சொன்னாள். பங்கு என்றால் கோயில், வரி என்றால் கோயில் வரி. தெளிவாகத்தான் சொன்னாள். ஐயா தலையை ஆட்டினார். நம்பியும் நம்பாமலும் ஆட்டுகிற ஆட்டம்.

"எங்க ஊர்ல பங்குன்னா ஷேர்தானுங்க. கோயிலைப் போய்ப் பங்குன்னு சொல்லுவாங்களா?" என்று அண்ணாச்சியைப் பார்த்தார். படித்த முகமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அண்ணாச்சி உண்மையைச் சொல்லுகிறவர். "நாங்க சொல்ல மாட்டோம் ஐயா" என்றார்.

நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"நாங்க சேகரம்னு சொல்லுவோம். சேகரத்துக்குள்ள சங்கம் இருக்கும். நாங்க சங்கத்துக்குக் காணிக்க கட்டுவோம். இவங்கதான் பங்கு."

ஐயா குறிப்பேட்டைத் திறந்தார். "சேகரம்னா சேமிப்புங்களா?"

"இல்ல ஐயா. அதுவும் கோயிலுதான்."

"உங்க ஊர்ல பேங்க்குக்கு என்னங்க பேரு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா நிஜமாகக் கேட்டாரா என்று இன்று வரை தெரியவில்லை. அண்ணாச்சி நிஜமென்று எடுத்துக்கொண்டு, "பேங்க்குதான்" என்றார்.

அந்த நேரத்தில் பங்குச்சாமியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மகள் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்திருந்தாள். சாமி அங்கி போடாமல் சாதாரணச் சட்டையில் வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றி, "ஸ்தோத்திரம். நான்தான் பங்குச்சாமி" என்றார்.

ஐயா எழுந்து நின்று ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் இவரோட பங்கெல்லாம் பாத்துக்கறதுங்களா?"

"இவருக்கு மட்டும் இல்ல. இந்தப் பக்கம் எல்லாருக்கும் நான்தான்."

"எத்தனை வருசமாங்க?"

"இங்க வந்து மூணு வருசம். இதுக்கு முன்னால பெரியதாழைப் பக்கம் ஒரு சின்னப் பங்கு. அதுல ஒண்ணும் வருமானம் கெடையாது. வரியே ஒழுங்கா வராது."

"இது?"

"இது நல்ல பங்கு."

ஐயா என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சாமி, கோயில்னு ஒரு வார்த்த சொல்லுங்க சாமி" என்றாள்.

சாமிக்கு அப்போதுதான் புரிந்தது. கல்லாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துப் பையிலிருந்து கோயில் தாளில் எழுதி முத்திரை வைத்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். வரி வருடத்துக்கு அறுநூறு ரூபாய் என்றார். "அட்வான்சாக் கட்டுறது இந்த ஊர்லயே இவரு ஒருத்தர்தான் ஐயா. மத்தவங்க சவப்பொட்டி தூக்கயில பாத்துக்கிடலாம்னு இருப்பாங்க. இவரு, போற அன்னைக்குத் தகராறு வந்துறக்கூடாதுன்னு இப்பவே பயந்து கட்டுறாரு."

ஐயாவும் சிரித்துவிட்டார். பங்கு முதலீடு, நிர்வகிப்பவர், வருமான வரி என்று மூன்று வரிகளையும் பேனாவால் அடித்து, ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். என் உடம்பிலிருந்து ஐஸ் பாளம் இறங்கியது போல் இருந்தது. முழுக் கட்டணமும் வந்துவிட்டது என்றே எண்ணினேன்.

சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றாள். ஐயா நேரமாகிவிட்டது என்றார். "பங்குச்சாமியே சாப்பிடப் போறாரு, நீங்க சாப்பிடாமப் போனா எப்படி?" என்றாள் அவள். எல்லோரும் மேலே போனோம்.

அன்று விளைமீன். குழம்பும் வறுவலும். ஐயா மீன் சாப்பிடுகிறவர்தான். ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஏதுங்க, இவ்வளவு புதுசா?"

"போட்டுல என் பங்கு சார்" என்றேன்.

சோற்றில் இருந்த எல்லாக் கையும் நின்றது. சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"போட்டுல உங்களுக்குப் பங்கு இருக்குதுங்களா?" என்று ஐயா மெதுவாகக் கேட்டார்.

இதற்கும் மகள்தான் விளக்கம் சொன்னாள். போட்டு எங்களுடையது இல்லை. போட்டு கரைக்கு வந்ததும் ஆட்கள் மீனைப் பங்கு வைக்கும்போது, ஐஸ் போட்டுக் கொடுத்தவனுக்கும் கறிக்கு என்று ஒன்றிரண்டு தூக்கிப் போடுவார்கள். விற்கிறதற்கில்லை, வீட்டுக்கு.

"சும்மா கிடைக்குதுங்களா?"

"சும்மாதான் சார்."

அவர் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு மீனுக்குத் திரும்பினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது துண்டுக்குப் பிறகு அவர் இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்து, "போதுமுங்க, உங்களுக்கு வேணுமல்ல" என்றார். விருந்தாளி அப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்தில் சொல்லுகிற பதில் ஒன்றுதான் உண்டு. என் மனைவி அதைச் சொன்னாள்.

"நீங்க சாப்பிடுங்க ஐயா. எங்களுக்கு இது தெனமும் உள்ளதுதான்."

மூன்றாவது துண்டு இலையில் விழுந்தது. ஐயா அதையும் சாப்பிட்டார். கை கழுவினார். குறிப்பேட்டைத் திறந்தார்.

"தினமும் விளைமீனுங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள். "விள, பாற, சீலா, என்ன வருதோ அது." நடைமுறையில் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மலிவான மத்தி, எங்கள் பேச்சில் சாளை, வரும். விளைமீன் எப்போதாவது வரும். அன்று ஐயா வருவதைச் சொல்லிக் கேட்டு வாங்கியது.

"எங்க ஊர்ல இது கிலோ எண்ணூறு ரூபாய்க்குக் குறைஞ்சு கிடைக்காதுங்க" என்றார் ஐயா. "பொருளா வர்றதையும் வருமானத்துல சேக்கணும்ங்கறது ரூலு. நான் கோயம்புத்தூர் ரேட்டுல போட்டா நீங்க தாங்க மாட்டீங்க. மாசம் ஆயிரம்னு போட்டுக்கறேன்."

எழுபத்திரண்டும் பன்னிரண்டும் எண்பத்து நாலு. எட்டாம் வகுப்பு அதற்குப் போதும். முழுக் கட்டணம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"சாள ஐயா, வெறும் சாள" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். பலசரக்கை விட்டுவிட்டு மீன் ஏலத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். "அதுவும் தடைக்காலத்துல போட்டே போவாது. ரெண்டு மாசத்தக் கழிங்க."

"சரிங்க. அது நியாயம்." பத்தாயிரம் ஆயிற்று.

"மழ, காத்து, புயல் எச்சரிக்க. இன்னும் ரெண்டு மாசம்."

"அது எல்லா வருசமும் ஒண்ணு மாதிரி வராதுங்களே."

நான் சாமியைப் பார்த்தேன். அவர் சொன்னதும் எழுதியதையே அடித்தவர் இந்த ஐயா. "சாமி, ஈஸ்டருக்கு முந்துன தவசு காலம் நாப்பது நாளும் கழியும்லா சாமி? அப்ப நாங்க கவுச்சி தொட மாட்டோம்லா?"

சாமி மோரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் தெரிந்த கஷ்டத்தை நான் மறக்கவில்லை. "தவக்காலத்துல ஆடு, கோழிக் கறிதான் கூடாது" என்றார். "மீன் சாப்பிடலாம்."

"சாப்பிடலாம் சாமி, நாங்க சாப்பிட மாட்டோம்லா."

"போன தவசுல உங்க வீட்டுச் சாளக் கொழம்ப நான் சாப்பிட்டிருக்கேனே" என்றார் சாமி. குரல் ரொம்ப இறங்கிவிட்டது.

ஐயா எண்பத்திரண்டாயிரம் என்று எழுதினார். எழுதிவிட்டு என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முக்கால் பங்கு உறுதி, பணம் நேராகக் கல்லூரிக்குப் போகும், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார். "அப்போ நான் வர்றப்ப சாம்பார் வைக்கச் சொல்லுங்க கண்ணு" என்றார். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் அழுகை இல்லை என்பதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது மனைவி தன் முழுப்பெயரையும் பெரிதாக எழுதினாள்.

அவர் போன பிறகு நானும் அண்ணாச்சியும் பெட்டியைத் திருப்பி மேலே ஏற்றினோம். கலர் பாட்டிலை எடுத்துவிட்டு ரேஷன் கார்டை இருந்த இடத்தில் வைத்தேன். "தெனமும் உள்ளதுதான்னு ஏன்டி சொன்ன?" என்று மனைவியிடம் ஒரு தடவைதான் கேட்டேன்.

"பின்ன என்ன சொல்லுவாங்க? இதான் ஐயா கடைசித் துண்டு, பாத்துத் தின்னுங்கன்னா?"

அப்படிச் சொல்லும் வீடு எங்கள் தெருவில் ஒன்றும் இல்லை.

பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அலுவலகப் பெண் ஹால் டிக்கெட்டைக் கொடுத்து, மீதியை அடுத்த செமஸ்டருக்குள் கட்டச் சொல்லியிருக்கிறாள். மகள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் நான் கல்லூரி வாசலில் நின்று, ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டுதான் போனாளா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் அறுபத்திரண்டாயிரம், அறக்கட்டளை கொடுத்தது நாற்பத்தாறாயிரத்து ஐநூறு, நாங்கள் கட்டியது நாலாயிரம். கல்லூரிக்கு இன்னும் தர வேண்டியது பதினோராயிரத்து ஐநூறு ரூபாய்.